ரெண்டு இஞ்ச் உசரம்

காரைக்காலில் மலை கிடையாது. குன்று கிடையாது. பேரிலேயே மேடு வைத்திருக்கும் கிளிஞ்சல்மேடுகூடக் கடலுக்குச் சமமாகத்தான் படுத்திருக்கிறது. எங்கள் ஊரில் ஒரு வண்டி ஏற வேண்டிய அதிகபட்ச உயரம், யாரோ ஒரு புண்ணியவான் ராத்திரியோடு ராத்திரியாகக் கட்டிவிட்டுப் போன ஸ்பீடு பிரேக்கர்தான்.

இப்பேர்ப்பட்ட ஊரில், 2014 மாடல் பிக்கப் ஒன்றை இமயமலைக்குத் தயார் செய்யும் ஆசை என் சித்தப்பா மகனுக்கு வந்துவிட்டது.

"அண்ணே, ரெண்டு இஞ்ச் லிஃப்ட் கிட் போட்டு, முப்பத்தோரு இஞ்ச் டயர் மாட்டப் போறேன். ஐம்பதாயிரம் வச்சிருக்கேன். நீங்க பி.காம். ஆச்சே, கணக்குப் பாத்துச் சொல்லுங்க!"

செல்போனில் வீடியோவும் காட்டினான். அமெரிக்காவில் ஒரு தாடிக்காரர் பாறை பாறையாக ஏறிக்கொண்டிருந்தார். அவர் வண்டியில் ஒரு மீன் பெட்டி இல்லை, ஒரு நெல் மூட்டை இல்லை. தம்பியின் வண்டியோ விடியற்காலையில் ஐஸ் போட்ட மீன், மத்தியானம் சிமெண்ட், அறுவடையில் நெல் என்று ஓடி, அவன் வீட்டில் உலை வைக்கிற வண்டி. ஆகவே விளையாட்டாக விட முடியவில்லை. பேப்பரும் பேனாவும் எடுத்தேன்.

முதலில் டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும். அவன் வண்டியில் 215/75 ஆர் 15. இதில் 215 என்பது அகலம், மில்லிமீட்டரில். 75 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச் சுவரின் உயரம் என்பது. 15 என்பது ரிம்மின் விட்டம், இஞ்சில். ஒரே வரியில் மில்லிமீட்டர், சதவீதம், இஞ்ச் மூன்றும்! நடுவில் நிற்கும் 'ஆர்' ரேடியல். அதற்கு 1946-ல் பேடண்ட் வாங்கியது பிரான்சின் மிச்செலின் கம்பெனி. அப்போது காரைக்காலும் பிரெஞ்சுக்காரர்கள் கையில்தான் இருந்தது. 1954-ல் அவர்கள் கிளம்பிப் போனார்கள். 'ஆர்' மட்டும் நம் சக்கரத்திலேயே தங்கிவிட்டது.

இப்போது கணக்கு. 215-ல் 75 சதவீதம் 161 சொச்சம். மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் 15 இஞ்ச் ரிம் 381. கூட்டினால் டயரின் மொத்த உயரம் சுமார் 703 மில்லிமீட்டர். தம்பி ஆசைப்பட்ட முப்பத்தோரு இஞ்ச் டயர் 787. வித்தியாசம் 84.

"பாத்தீங்களா, எட்டு சென்டிமீட்டர்!" என்று குதித்தான்.

குதிக்க வேண்டாம். அச்சு இருப்பது சக்கரத்தின் நடுவில். டயர் 84 வளர்ந்தால் அச்சு பாதிதான் ஏறும், 42. ஒரு சைஸ் மட்டும் கூட்டி 235/75 போட்டால் அச்சு ஏறுவது 15 மில்லிமீட்டர். அதாவது அரை இஞ்சும் கொஞ்சமும்.

சரி, லிஃப்ட் கிட்? பெரும்பாலும் பின்னால் அச்சுக்கும் ஸ்பிரிங் பட்டைக்கும் நடுவில் ஒரு கட்டையைச் சொருகி, நீளமான யூ போல்ட் போட்டு முடுக்குகிறார்கள். பாடி ரெண்டு இஞ்ச் மேலே போகும். ஆனால் வண்டிக்கு அடியில் குடம் மாதிரி தொங்குகிறதே டிஃபரன்ஷியல், ஸ்பீடு பிரேக்கரிலும் வரப்பிலும் முதலில் இடிப்பது அதுதான். அது அச்சோடு சேர்ந்தது. இருந்த இடத்திலேயே இருக்கும்! வேட்டியை மடித்துக் கட்டினால் முழங்கால் உயர்ந்துவிடாது அல்லவா? லிஃப்ட்டின் முக்கிய வேலை, பெரிய டயர் மட்கார்டில் உரசாமல் இடம் கொடுப்பது. பெரிய டயரே வேண்டாம் என்றால் லிஃப்ட்டுக்கும் அனேகமாக வேலை இல்லை.

அடுத்தது வியாபாரம். முப்பத்தோரு இஞ்ச் டயர் ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு சதவீதம் அதிக தூரம் ஓடும். மீட்டருக்கு இது தெரியாது. முள் 60 காட்டும்போது வண்டி 67-ல் போகும். உண்மையில் 100 கிலோமீட்டர் ஓடினால் மீட்டரில் 89-தான் விழும். கிலோமீட்டர் கணக்கில் வாடகை வாங்குகிற தம்பி, நூற்றுக்குப் பதினொன்றை இனாமாக ஓட்டுவான். அதோடு முதல் கியரில் இழுவை குறையும், லோடோடு கிளம்பும்போது கிளட்ச் தேயும், பெரிய சக்கரத்தை நிறுத்த பிரேக்கும் கூடுதலாக உழைக்கும். கட்டை கொடுத்ததில் புரொபெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மாறினால் கிராஸும் சீக்கிரம் போகும்.

பணத்தை விடப் பெரியது ஒன்று. பாடி உயர்ந்தால் பாரமும் உயர்கிறது. ஐஸ் தண்ணீர் தளும்பும் மீன் பெட்டிகளோடு வளைவில் திரும்பினால் வண்டி சாய்வது அதிகமாகும். நடவு நாளில் பின்னால் பெண்களை நிற்க வைத்து ஏற்றிப் போவதும் இதே மாதிரி வண்டிகளில்தான். சரக்கு வண்டியில் ஆளை ஏற்றுவது சட்டப்படி கூடாது. ஆனாலும் ஏற்றுகிறார்கள். அந்த ரெண்டு இஞ்ச்சின் விலையைக் கொடுக்கப் போவது அவர்களாக இருக்கக் கூடாது.

சட்டமும் கறார்தான். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவைக் காட்டி, கம்பெனி தயாரித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே வருஷம் வந்த திருத்தத்தில், அப்படிச் செய்யும் ஓனருக்கு மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை ஜெயில், அல்லது ரெண்டும். எட்டு வருஷம் தாண்டிய சரக்கு வண்டி வருஷா வருஷம் எஃப்.சி.க்குப் போய் நிற்க வேண்டும். ஒளித்து வைக்க இது பீரோவில் இருக்கும் சமாசாரம் இல்லை.

தம்பியின் முகம் பங்க்சர் ஆன மாதிரி ஆகிவிட்டது. பட்டை வேலை பார்க்கும் பாயிடம் கூட்டிப் போனேன். அவர் கால்குலேட்டர் எடுக்கவில்லை. டேப் எடுத்தார். சமதரையில் காலி வண்டியை நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டின் கீழ் விளிம்பு வரை நாலு பக்கமும் அளந்தார். பிறகு பக்கத்தில் நின்ற அதே மாடல் வண்டி ஒன்றை அளந்தார். அது அதிகம் லோடு அடிக்காதது.

"தம்பி, உங்க வண்டி பின்னாடி ஒண்ணே முக்கால் இஞ்ச் இறங்கிக் கெடக்கு. இடது பக்கம் இன்னும் கொஞ்சம் கூட. நீங்க தேடுற ரெண்டு இஞ்ச் இங்கதான் இருக்கு. மொதல்ல அது பொறந்த உசரத்துக்கு வரட்டும்."

வருஷக்கணக்காக ஓவர் லோடு. மேலிருந்து ஒழுகும் மீன் தண்ணீர், கடல் காற்று. பட்டைகளுக்கு நடுவில் உப்பும் துருவும் அடைந்து, வில் போல வளைந்திருக்க வேண்டியது நிமிர்ந்து தட்டையாகக் கிடந்தது. பட்டைகளைப் பிரித்து, விரிசல் விட்டதை மாற்றி, மற்றதை அடித்து வளைவு கொடுத்து, புது புஷ், புது யூ போல்ட், ஷாக் அப்சார்பர் போட்டார். வாரத்துக்கு ஒருமுறை அடியில் நல்ல தண்ணீர் பீய்ச்சிக் கழுவச் சொன்னார். ஐம்பதாயிரத்தில் மிச்சமானதில் கம்பெனி சொன்ன அதே சைஸில், அதே லோடு தாங்கும் எண்ணோடு நாலு டயர் வாங்க அட்வான்ஸ் கொடுத்தோம்.

"கடற்கரை மணல்ல சிக்கினா?" என்றான் தம்பி, கடைசி ஆயுதமாக.

அதற்குப் பெரிய டயர் வேண்டாம். காலி வண்டியில் காற்றை இருபது பவுண்டு வாக்கில் இறக்கினால் டயர் பரந்து மணலில் புதையாமல் நடக்கும். செலவு சைபர். தார் ரோடு ஏறுவதற்கு முன்னால் மறக்காமல் மறுபடி காற்று பிடிக்க வேண்டும்.

பழைய வண்டி வைத்திருக்கும் யாருக்கும் இதேதான். உயர்த்துவதற்கு முன்னால், எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்து பாருங்கள். டயர் வாங்கும்போது ஜாதகத்தையும் பாருங்கள். பக்கவாட்டில் நாலு எண் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரத்தில் பிறந்தது. பார்க்கப் பளபளவென்று இருந்தாலும் வயசு வயசுதான். எங்கள் ஊர்ப் பக்கத்துத் திருநள்ளாறில் எள் தீபம் ஏற்றினால் சனி பகவான் மனம் இரங்கலாம். ஏழு வருஷத்து டயர் இரங்காது.