ஆணித் துளைக்கு ஒரு மாத வாடகையா?

‘வீட்டை எந்த நிலையில் வாங்கினீர்களோ, அதே நிலையில் திருப்பித் தர வேண்டும்.’ வீட்டு உரிமையாளர்களுக்கு யோசனை சொல்லும் ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழ்க் கட்டுரைகளில் இந்த வாக்கியம் தவறாமல் இருக்கும். எழுதுகிறவர் மாறுவார், வாக்கியம் மாறாது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னும் சில வரும். சுவரில் ஆணி அடிக்கக் கூடாது, அடித்தால் சுவர் பலவீனமாகும். ஓதம் வந்தால் குடியிருப்பவர் வீட்டை வைத்துக்கொண்ட லட்சணம். காலி செய்யும்போது பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகையைக் கழிப்பது ஊர் வழக்கம். அட்வான்ஸ் வாங்குவதே அதற்குத்தானே. சென்னையில் வாடகை வீட்டில் காலம் தள்ளுகிறவன் என்ற முறையில், இதைப் படித்துப் படித்துப் பல்லைக் கடித்தது போதும். ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

முதலில் ‘அதே நிலை’. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 108ஆவது பிரிவில், குடியிருப்பவர் தாம் பெற்ற நிலையிலேயே சொத்தைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது. நம் கட்டுரையாளர்கள் இந்த இடத்தோடு புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். நியாயமான தேய்மானத்தால் வந்த மாற்றம் இதில் சேராது என்று அதே வாக்கியம் தொடர்கிறது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டமும் இயல்பான தேய்மானத்தை விலக்கியே வைத்திருக்கிறது. அதன் இரண்டாம் அட்டவணை வேலையைப் பங்கு பிரித்தே கொடுக்கிறது. குழாய் வாஷர், சுவிட்ச், தாழ்ப்பாள், ஜன்னல் கண்ணாடி எல்லாம் குடியிருப்பவர் பாடு. சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதும் உரிமையாளர் பாடு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளலாம் என்று ஒரு சந்து விட்டிருக்கிறார்கள். பெயிண்டிங் ஷரத்து அந்தச் சந்து வழியாகத்தான் வீட்டுக்குள் வருகிறது. பதினோரு மாத ஒப்பந்தத்தை டைப் அடிக்கிற கடையில் நின்றுகொண்டு ஷரத்துக்கு ஷரத்து பேரம் பேசிய வாடகைதாரர் எவராவது உண்டா? வீடு கிடைத்ததே பெரிது என்று கையெழுத்துப் போட்டவர்தான் எல்லாரும்.

அடுத்தது, ஆணி அடித்தால் சுவர் பலவீனமாகும் என்பது. இன்றைய அடுக்குமாடிகளைத் தாங்குவது தூணும் உத்தரமும். காலண்டர் ஆணிக்கு ஆட்டம் காணும் சுவர் என்றால் அதை வாடகைக்கு விட்டதே தப்பு.

பலத்தை விடுங்கள், துளை துளைதானே என்பார்கள். சாவி ஒப்படைக்கிற நாளில் இந்தக் காட்சி பல வீடுகளில் நடக்கும். உரிமையாளர் செல்போன் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு அறை அறையாக நடப்பார். ஓரிடத்தில் நின்று, துளையில் சுண்டுவிரல் நுனியை வைத்துப் பார்ப்பார்.

“என்ன தம்பி, சுவரைச் சல்லடையா ஆக்கி வெச்சிருக்கீங்க?”

“சார், அந்த ஆணி நாங்க வர்றப்பவே இருந்துச்சு சார்.”

“எனக்குத் தெரியாம எப்படி இருக்கும்? நாங்க ஒரு ஆணிகூட அடிக்க மாட்டோமே!”

கீழ்த்தளத்தில் அவர் வீட்டுக் கூடத்தில் தாத்தா, பாட்டி, திருப்பதி பெருமாள், பையன் பட்டம் வாங்கிய படம் எல்லாம் எதில் தொங்குகின்றன என்று கேட்கக் கூடாது. அட்வான்ஸ் அவர் கையில் இருக்கிறது.

அந்தத் துளையை மூட என்ன ஆகும்? உதிர்கிற தூளைத் தட்டிவிட்டு, கொஞ்சம் பட்டியைக் குழைத்துத் தகட்டால் அழுத்தி வழிக்க வேண்டும். காய்ந்தபின் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரைமரைத் தொட்டு வைத்து, மேலே பெயிண்டை ஒற்ற வேண்டும். பட்டி காய்கிற நேரம்தான் அதிகம், கைவேலை கொஞ்சம். புதுப் பெயிண்ட் பழைய சுவரில் திட்டாகத் தெரியும் என்று உடனே சொல்வார்கள். தெரியும்தான். பழைய பெயிண்ட் நிறம் மங்கிவிட்டது என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? மங்கியது வெயிலாலும் வயதாலும். அதற்கும் ஆணிக்கும் சம்பந்தமில்லை.

ஓதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. மொட்டை மாடியில் தண்ணீர் தேங்கினாலும், குளியலறைக் குழாய் சுவருக்குள் கசிந்தாலும், சுவர் உப்புப் பூத்துப் பொரியும். கட்டியவரும் பராமரிக்க வேண்டியவரும் விட்ட குறை அது. அதற்குக் குடியிருப்பவரிடம் பணம் கேட்பவர் மழைக்கும் பில் போடக்கூடியவர்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை. இந்தக் கணக்கைக் கண்டுபிடித்த மேதை யாரென்று தெரிந்தால் சிலை வைக்கலாம். பெயிண்டர் கூலி சதுர அடிக்கோ நாளுக்கோ பேசப்படுகிறது. பெயிண்ட் லிட்டர் கணக்கில் விற்கிறது. வாடகை இந்த இரண்டில் எதனோடும் ஒட்டாது. அம்பத்தூரில் இரண்டு படுக்கையறை வீடு ஒன்று, வாடகை 14,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதே அளவு வீடு பெசன்ட் நகரில் 35,000. இரண்டிலும் சுவர்ப்பரப்பு ஒன்று, வாளி வாளியாக வருகிற எமல்ஷனும் ஒன்று. ஆனால் கடற்கரைக்குப் பக்கத்தில் குடியிருந்தவர் மட்டும் 21,000 ரூபாய் கூடுதலாகச் சுவரைக் கெடுத்துவிட்டார்!

காலக் கணக்கைப் பாருங்கள், இன்னும் வேடிக்கை. வேலை மாற்றலாகிப் பதினோராம் மாதம் காலி செய்தவருக்கும் ஒரு மாத வாடகை. குழந்தை பிறந்து, அது பள்ளிக்கூடம் போய், எட்டு வருஷம் கழித்துக் காலி செய்தவருக்கும் ஒரு மாத வாடகை. முதலாமவர் விட்டுப்போன பெயிண்ட் அநேகமாகப் புதுசு. இரண்டாமவர் இருந்த வீட்டின் பெயிண்ட் ஆயுள் முடிந்து செத்துப்போனது. சொந்தக்காரரே குடியிருந்திருந்தாலும் அதற்குள் ஒரு முறையாவது அடித்திருப்பார். ஆயுள் முடிந்த பெயிண்டுக்குப் புதுப் பெயிண்டின் முழு விலையையும் கேட்டால் அதை எப்படி நஷ்ட ஈடு என்பது? உரிமையாளரின் சொத்தைக் குடியிருந்தவர் செலவில் புதுப்பிக்கிற வேலை அது. கல்யாணத்துக்கு வாடகைக்குப் பாத்திரம் விடுகிறவர்கூடக் கரண்டி குறைந்தால் காசு கேட்பார், அண்டாவின் அடியில் கரி பிடித்ததற்குக் கேட்க மாட்டார்.

இன்னொன்று, துளை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கழிப்பு அதே கழிப்பு. ஒரு ஆணிகூட அடிக்காமல், படங்களை அலமாரி மேல் சாய்த்து வைத்துக் குடித்தனம் நடத்திய உத்தமருக்கும் தள்ளுபடி கிடையாது. அப்படியானால் ஆணிக்கும் அந்தப் பணத்துக்கும் என்ன தொடர்பு? சேதம் என்பது சாக்கு. தொகை, குடிவருகிற அன்றைக்கே முடிவாகிவிட்டது. கழித்த பணத்தில் பெயிண்ட் அடிக்கிறார்களா என்றால் அதுவும் நிச்சயமில்லை. கூடத்துக்கு மட்டும் ஒரு கோட், படுக்கையறைக்கு ஒட்டடை அடித்தால் போதும் என்று அடுத்தவரைக் குடிவைத்துவிடுவார்கள். அவர் காலி செய்யும்போது அவரிடமும் கழிப்பு. ஒரே பெயிண்டுக்கு மூன்று குடித்தனங்கள் பணம் கட்டிய சுவர்கள் இந்த ஊரில் உண்டு.

ஊர் வழக்கம் என்கிறார்களே, அந்த வழக்கத்தின் யோக்கியதையையும் பார்த்துவிடுவோம். 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அட்வான்ஸாக ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்றது. அந்தச் சட்டம் உயிரோடு இருந்தபோதே சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கொடிகட்டிப் பறந்தது. இப்போதைய சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாதம் என்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் உரிய கழிவு போகத் திருப்பித் தரவும் சொல்கிறது. ‘அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் கொடுத்ததும் தர்றேன்’ என்பது எந்தச் சட்டத்திலும் இல்லை, ஊர் வழக்கத்தில் இருக்கிறது. சட்டத்தை மீறி மீறிப் பழகியதற்கு இவர்கள் வைத்திருக்கிற மரியாதையான பெயர்தான் ஊர் வழக்கம்.

அட்வான்ஸ் பாதுகாப்புக்குத்தானே என்பார்கள். ஒன்றரை லட்சம் ரூபாய் ஐந்து வருஷம் அவர்கள் கையில் வட்டியில்லாமல் இருக்கிறது. வங்கியில் ஆறு சதவீதத்துக்குப் போட்டிருந்தால் தனிவட்டியே 45,000 ரூபாய். வீடு முழுக்கத் துளை போட்டிருந்தாலும் பட்டி பார்க்க அது தாராளம்.

சுவரில் கரியால் கோலம் போட்டு, டைல்ஸை உடைத்து, கதவைப் பெயர்த்துவிட்டுப் போகிறவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். அவர்களிடம் வசூலியுங்கள், யார் தடுத்தது? உடைந்த டைல்ஸுக்கு விலை உண்டு, மாற்றுகிற கூலிக்கு ரசீது உண்டு. அந்த ரசீதைத்தான் நாங்களும் கேட்கிறோம். எந்தச் சுவர், எத்தனை சதுர அடி, முன்பு எந்த வருஷம் அடித்த பெயிண்ட் என்று எழுதிக் கொடுக்கிற உரிமையாளர் நியாயமானதைக் கழித்துக்கொள்ளட்டும், வாய் திறக்க மாட்டோம். இந்த மூன்றுக்கும் பதில் இல்லாதவர் பிடித்துவைத்திருக்கும் ஒரு மாத வாடகை அடுத்தவன் பணம்.