அடைய மறுத்த கோழிகள்



பொழுது சாயும் வேளையில் கோழி கூட்டை நாடி வருவது இயல்பு. அதனை அதற்கு யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. பகலெல்லாம் குப்பைமேட்டைக் கிளறித் திரிந்தாலும், வெளிச்சம் மங்கியதும் தன் இடம் தேடித் தானே வந்து அடையும். அப்படிப்பட்ட கோழி கூட்டு வாயில்வரை வந்து, தலையை உள்ளே நீட்டிப் பார்த்து, மீண்டும் வெளியே போய் முருங்கை மரத்தில் ஏறிக்கொள்கிறது என்றால், அது நமக்கு ஏதோ ஒன்றைச் சொல்கிறது என்று பொருள். அந்தச் சொல்லைக் கேளாமற்போன குற்றம் நம்முடையது. அதனையே இத்திங்கள் எழுதத் துணிந்தோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது இது. நம் பங்கிலே கணவனை இழந்த தாய் ஒருவர் இருந்தார். மகள் வயிற்றுப் பேரன் அவரிடம் வளர்ந்து வந்தான். வீட்டின் பின்புறச் சுவரை ஒட்டி ஒரு கோழிக்கூடு. அதிலே ஒன்பது பெட்டைகளும் ஒரு சேவலும். முட்டை விற்ற காசில்தான் பேரனின் நோட்டுப் புத்தகமும், அவருடைய இரத்த அழுத்த மாத்திரையும், கடையில் உப்பு புளியும். ஒரு ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அவர் நம்மிடம் வந்தார்.

“சாமி, ஒரு வாரமா கோழியெல்லாம் கூட்டுக்குள்ள போகமாட்டேங்குது. மரத்துல ஏறிக்குது. அடை வச்ச கோழியும் முட்டைய விட்டுட்டு எந்திரிச்சு எந்திரிச்சுப் போயிடுது.”

பங்கு இல்லத்தின் பின்புறம் நாமும் நாலைந்து கோழிகள் வளர்ப்பதால், இதைப்பற்றி நமக்குத் தெரியும் என்று அவர் நம்பினார். நாமும் அவ்வாறே நம்பினோம். ஆகவே சற்றும் யோசியாமல் சொன்னோம்: “மரத்தில் விட்டால் மரநாய் கொண்டுபோய்விடும் அம்மா. சாயங்காலம் பிடித்து உள்ளே விட்டுக் கதவைச் சாத்துங்கள். அடைகோழியைப் பஞ்சாரம் போட்டு மூடுங்கள். இரண்டு நாளில் பழகிவிடும்.”

“சாமி சொன்னாச் சரிதான்” என்று சொல்லிப் போனார்.

பதினொன்றாம் நாள் அவர் மறுபடியும் வந்தார். அடைகோழி முட்டைகளின் மேலேயே இறந்து கிடந்தது. மற்றக் கோழிகள் முட்டையிடுவதை நிறுத்திவிட்டன. இரத்தம்போல் சிவந்திருந்த கொண்டைகள் வெளுத்துவிட்டன. கூட்டுச் சுவருக்கு அடுத்த அறையில் படுத்துறங்கும் பேரனுக்கு உடலெல்லாம் சிவந்த தடிப்பு, இரவெல்லாம் சொறிகிறான், சிரங்கு மருந்து பூசியும் அடங்கவில்லை. அந்தத் தாய் நம்மைக் குறை சொல்லவில்லை. “நீங்க சொன்னபடிதான் சாமி, ஒருநாளும் தவறாம அடைச்சேன்” என்று மட்டும் சொன்னார். குறை சொல்லியிருந்தால் நமக்கு அவ்வளவு வலித்திராது.

குருமடத்தில் தத்துவமும் இறையியலும் கற்றோமேயன்றிக் கோழியின் நோய் கற்றோமில்லை. ஆகவே அன்றே கால்நடை மருத்துவரிடம் சென்று விவரம் சொன்னோம். அவர் கேட்டது ஒரே கேள்வி: “இரவில் கூட்டைப் பார்த்தீர்களா?” பார்க்கவில்லை. “பகலில் கோழியைத் தடவிப் பார்த்தால் ஒன்றும் அகப்படாது. இரவு ஒன்பது மணிக்குமேல் டார்ச் விளக்கும் ஒரு வெள்ளைத் துணியும் எடுத்துக்கொண்டு போங்கள்” என்றார்.

போனோம். உபதேசியார் விளக்கைப் பிடித்தார். கோழிகள் அமரும் கழியின் அடிப்புறத்தில் வெள்ளைத் துணியால் ஒருமுறை துடைத்தோம். துணியில் கேழ்வரகு மாவு போன்ற தூள் ஒட்டியிருந்தது. உற்றுப் பார்த்தபோது அந்தத் தூள் நடந்தது. விரலால் அழுத்தித் தேய்த்தோம். துணியெங்கும் சிவப்புக் கோடுகள். அது அந்தக் கோழிகளின் இரத்தம். கதவைச் சாத்தச் சொல்லி நாம் அடைத்துவைத்த கோழிகளின் இரத்தம்.

இனி, அந்தப் பூச்சியைப்பற்றி நாம் அறிந்துகொண்டதைச் சொல்லுவோம்.

கோழியின் மேல் காணும் எல்லாவற்றையும் கோழிப்பேன், செள்ளு என்று ஒரே பெயரால் நாம் அழைத்துவிடுகிறோம். ஆனால் பேன் வேறு, உண்ணி வேறு. பேனுக்கு ஆறு கால். வளர்ந்த உண்ணிக்கு எட்டுக் கால், அது சிலந்தியின் உறவு. நாம் கண்டது கோழிச் சிவப்பு உண்ணி. நீளம் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். பசித்திருக்கும்போது சாம்பல் நிறம், இரத்தம் குடித்தபின் சிவப்பு. 1778இல் சுவீடன் நாட்டு அறிஞர் டி கீர் இதனை விவரித்தார். ‘டெர்மனைசஸ் கல்லினே’ என்பது அறிவியலார் வழங்கும் பெயர். முற்பாதி கிரேக்கம், தோலைக் குத்துவது என்று பொருள். பிற்பாதி குருமடத்தில் நாம் கற்ற இலத்தீன். ‘கல்லினா’ என்றால் பெட்டைக்கோழி.

இப்பூச்சியின் சூழ்ச்சி யாதெனில், இது கோழியின் மேல் குடியிருப்பதில்லை. கோழியின் வீட்டில் குடியிருக்கிறது. பகல் முழுவதும் கழியின் முனை, சுவர் வெடிப்பு, பலகை இடுக்கு, அடைக்கூடையின் பின்னல் ஆகியவற்றில் ஒளிந்திருக்கும். இருட்டியபின் வெளிவந்து, உறங்கும் கோழியின் மேலேறி இரத்தம் குடித்துவிட்டு, விடியுமுன் திரும்பி ஒளிந்துகொள்ளும். வெப்பமும் ஈரப்பதமும் ஏற்றபடி இருந்தால், முட்டையிலிருந்து முழு உண்ணியாவதற்கு ஏழு நாள் போதும். ஆகவேதான் வாரத்திற்கு வாரம் பன்மடங்காய்ப் பெருகுகிறது. கோழியே இல்லாத கூட்டிலும், இடம் குளிர்ச்சியாயிருந்தால், பல மாதங்கள் பட்டினி கிடந்து உயிர்வாழும். “கூடு காலியாகத்தானே கிடந்தது” என்று புதுக்கோழியைக் கொண்டுவந்து அடைப்பவர் ஏமாறுவது இதனாலேயே.

அடைகோழி ஏன் முதலில் இறந்தது என்பதும் இப்போது விளங்கும். மற்றக் கோழிகளுக்குப் பகலிலாவது விடுதலை உண்டு. அடைகோழியோ இருட்டான கூடையை விட்டு எழாமல் இருபத்தொரு நாள் அமர்ந்திருக்க வேண்டியது. எழுந்து தப்ப முயன்றதையும் பஞ்சாரம் போட்டு நாம் தடுத்துவிட்டோம்.

கோழியின் உடம்பிலேயே தங்கி வாழும் வேறு உண்ணிகளும் உண்டு. வாலடியில் இறகு கறுத்து அழுக்கேறியிருந்தால் அவை இருக்கின்றன என்று அறியலாம். காலின் செதில்கள் தூக்கிக்கொண்டு சுண்ணாம்பு அப்பியதுபோல் தடித்தால் அது கால் உண்ணி. காலை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துத் துடைத்து, தேங்காயெண்ணெயோ வாசலினோ சில வாரம் தொடர்ந்து பூசிவர வேண்டும்.

நம் பாட்டிமார் கூட்டருகே சாம்பலும் புழுதியும் கொட்டிக் கோழியைப் புரளவிட்டது வீண்வேலையன்று. உடம்பின் மேல் வாழும் பேனையும் உண்ணியையும் குறைக்க அது நல்ல வழியே. இன்றும் அதனைக் கைவிடலாகாது. ஆனால் பகலில் கோழி புரளும்போது சிவப்பு உண்ணி கோழியின் மேல் இல்லையே! அது கூட்டில் அல்லவா உறங்குகிறது? அடைக்கூடையில் நொச்சித் தழை போடுவதும் அவ்வாறே. போடுவதால் தீங்கில்லை, ஆனால் அது மட்டும் போதாது. இந்த எதிரியை வெல்ல வேண்டுமானால் வீட்டைத்தான் மருந்திட வேண்டும்.

அந்தத் தாயின் கூட்டில் நாங்கள் செய்தது இதுவே. நல்ல வெயிலுள்ள ஒரு நாளில் காலையிலேயே கோழிகளை வேறிடத்தில் விட்டோம். கூட்டிலிருந்த வைக்கோல், பழைய கூடை, சாக்கு எல்லாவற்றையும் தொலைவில் கொண்டுபோய்க் கொளுத்தினோம், எருக்குழியில் எறியவில்லை. கழிகளையும் பலகைகளையும் கழற்றி வெளியே எடுத்துச் சுரண்டி, இடுக்குகளில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினோம். 45 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தை இவ்வுண்ணி தாங்காது. வெந்நீரைவிட மலிவான மருந்து வேறில்லை. பின்பு அவற்றை நடுவெயிலில் காயப்போட்டோம். சுவர் வெடிப்புகளைப் பூசி அடைத்து, சுண்ணாம்பு அடித்தோம். எல்லாம் உலர்ந்தபின், கழியின் முனைகளிலும் ஆணியடித்த மூட்டுகளிலும் வேப்பெண்ணெயைத் துணியால் அழுந்தப் பூசினோம்.

கழியை மறுபடி சுவரில் செருகவில்லை. நாலு கால் நாட்டி அதன்மேல் நிறுத்தி, ஒவ்வொரு காலையும் எண்ணெய் ஊற்றிய கொட்டாங்கச்சியில் வைத்தோம். எறும்புக்குப் பயந்து சமையலறை அலமாரியின் கால்களை நீர்க்கிண்ணத்தில் வைப்பதில்லையா, அதே உபாயந்தான். சுவரில் எஞ்சிய உண்ணி கோழியிடம் வர வழியில்லாமற்போகும்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். ஒருமுறை கழுவியதும் வேலை முடிந்தது என்று எண்ணிவிடுகிறார்கள். இடுக்கில் தப்பிய முட்டைகள் இரண்டு மூன்று நாளில் பொரிக்கும். அடுத்த வாரத்தில் அவையே முட்டையிடத் தொடங்கும். ஆகவே ஏழாம் நாளும் பதினான்காம் நாளும் வெந்நீரும் எண்ணெயும் தவறாமல் மறுபடியும் நடக்க வேண்டும். உண்ணி ஒழிந்ததா என்று அறிய ஓர் எளிய சோதனையும் உண்டு. பெட்டிகளில் வரும் நெளிநெளியான அட்டையைச் சுருட்டிக் கழியின் அடியில் கட்டிவிடுங்கள். உண்ணி அந்தத் துளைகளில் புகுந்து ஒளியும். இரண்டு நாள் கழித்து அவிழ்த்து வெள்ளைத் தாளின் மேல் தட்டிப் பார்த்து, உடனே எரித்துவிடுங்கள். தாள் வெண்மையாகவே இருந்தால் நிம்மதியாக உறங்கலாம்.

ஒரு கடுமையான எச்சரிக்கை. “வயலுக்கு வாங்கிய மருந்து மிச்சம் இருக்கிறது, அதில் கொஞ்சம் தெளித்தால் என்ன?” என்று கேட்பவர் உண்டு. வேண்டவே வேண்டாம். ஒருகாலத்தில் கெமாக்ஸின் பொடி என்று நம் மக்கள் கோழிக்கும் தலைக்கும் தூவிய பி.எச்.சி. மருந்து, உடலின் கொழுப்பில் தங்கிவிடும் நஞ்சு என்பதால் 1997இல் நம் நாட்டில் தடைசெய்யப்பட்டது. 2017இல் நெதர்லாந்து, பெல்ஜியம் நாடுகளில் நடந்ததையும் நினைவிற்கொள்ளுங்கள். இதே சிவப்பு உண்ணியை ஒழிப்பதற்காகக் கோழிப் பண்ணைகளில் தெளித்த கலவையில், சட்டத்திற்கு மாறாக ஃபிப்ரோனில் என்னும் பூச்சிக்கொல்லி சேர்க்கப்பட்டிருந்தது. அது முட்டையில் இறங்கியது கண்டறியப்பட்டு, பல நாடுகளில் கடைகளிலிருந்து இலட்சக்கணக்கான முட்டைகள் அகற்றப்பட்டன. அதே ஃபிப்ரோனில் நம் ஊர்க் கடைகளில் நெற்பயிருக்கென விற்கப்படுகிறது. கோழியின் மேல் தெளிப்பது நம் பிள்ளைகளின் தட்டில்தான் வந்து சேரும். உண்ணி மிகுந்து மருந்து தேவைப்பட்டால், கால்நடை மருத்துவர் சொல்லும் மருந்தை, சொல்லும் அளவில் மட்டும் பயன்படுத்துங்கள். அதன்பின் எத்தனை நாள் முட்டையும் இறைச்சியும் உண்ணலாகாது என்பதையும் மறவாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

பேரனின் அரிப்பைப் பற்றிச் சொல்லவேண்டும். இவ்வுண்ணி பசி மிகுந்தால் மனிதரையும் கடிக்கும்; ஆனால் மனித உடம்பில் குடியிருக்காது. சிரங்கு என்பது தோலுக்குள் வளை தோண்டி வாழும் வேறோர் உண்ணியால் வருவது. அந்த மருந்து இந்தக் கடிக்கு உதவாது. சிறுவனின் பாயையும் தலையணையையும் வெயிலில் போட்டு, துணிகளை வெந்நீரில் துவைத்து, கூட்டைச் சுத்தம் செய்த பத்தாம் நாளில் அவன் சொறிவது நின்றது. வீட்டில் பிள்ளைகளுக்குக் காரணமறியாத அரிப்பு இருந்தால், மருத்துவரிடம் காட்டும்போது, “வீட்டில் கோழி வளர்க்கிறோம், சன்னலில் புறா கூடு கட்டியிருக்கிறது” என்பதையும் சொல்லுங்கள். புறா, குருவி இவற்றின் கூடுகளிலும் இவ்வுண்ணி உண்டு.

மூன்றாம் வாரம் ஒரு மாலைப்பொழுதில் அந்தத் தாய் நம்மை அழைத்துக் காட்டினார். எட்டுக் கோழிகளும் சேவலும் ஒன்றன்பின் ஒன்றாகத் தாமே உள்ளே போய்க் கழியில் ஏறி அமர்ந்தன. யாரும் பிடித்து அடைக்கவில்லை. “இப்பக் கதவே தேவையில்ல சாமி” என்றார். மரநாயை எண்ணிக் கதவைச் சாத்தத்தான் வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தோம். அன்று ஒன்றும் சொல்லாமல் நின்றோம்.

அன்பர்களே, அன்றிலிருந்து நாம் ஒன்றைக் கடைப்பிடித்து வருகிறோம். விடுதிக்குத் திரும்பமாட்டேன் என்று அழும் பிள்ளையையும், புகுந்த வீட்டுக்குப் போகமாட்டேன் என்று தாய்வீட்டு வாசலில் வந்து நிற்கும் மகளையும் நம்மிடம் அழைத்து வந்து, “நீங்கள் சொன்னால் கேட்பாள், சாமி” என்பார்கள். முன்பெல்லாம் “போய்ப் பழகிக்கொள், எல்லாம் சரியாகும்” என்று எளிதாகச் சொல்லிவிடுவோம். இப்போது சொல்வதில்லை. இருட்டியபின் அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்டறிந்த பின்னரே வாய் திறக்கிறோம்.

உங்கள் வீட்டுக் கோழி இன்று மாலை கூட்டு வாயிலில் தயங்கி நிற்கக் கண்டால், அதைப் பிடிக்கக் கை நீட்டாதீர்கள். முதலில் ஒரு விளக்கையும் வெள்ளைத் துணியையும் எடுத்து வாருங்கள்.

அடுத்த திங்கள் சந்திப்போம்.