ஏறாத வீட்டு வரி யாருக்கு லாபம்?

வீட்டு வரியை ஏற்றாமல் வைத்திருப்பதுதான் ஏழைகளுக்குச் செய்யும் நன்மை என்ற நம்பிக்கை தமிழ்நாட்டில் கட்சி பேதமின்றிப் பரவியிருக்கிறது. இந்த நம்பிக்கை தவறு. இதனால் அதிகம் அடிபடுவதும் ஏழைகள்தான்.

சென்னையின் பழைய பகுதிகளில் 1998-இல் சொத்து வரியைச் சீராய்ந்தார்கள். 2018-இல் உயர்த்தி, எதிர்ப்புக்குப் பயந்து மறு ஆண்டே நிறுத்திவைத்தார்கள். மீண்டும் 2022 வரை பழைய வரிதான். இடையில் மனை விலை எங்கோ போய்விட்டது. பெரிய கட்டடக்காரர்கள் ஆதாயம் பார்த்தார்கள். வீட்டு வரி ஏறவில்லையே என்று எந்த வீட்டுக்காரர் வாடகையை ஏற்றாமல் இருந்தார்? வரியில்லாமல் சேவையும் குறைய, குழாயில் தண்ணீர் வராத தெருக்காரர்கள் குடத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்தார்கள்.

பிறகு 2022-இல் வரி ஒரே அடியாக ஏறியது. 15-ஆவது நிதிக் குழு உள்ளாட்சி மானியத்துக்குச் சொத்து வரிச் சீர்திருத்தத்தை நிபந்தனையாக்கியது. சென்னையின் பழைய பகுதிகளில் 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கே 50 சதவீதம் ஏறியது. ஆண்டுதோறும் சிறுகச் சிறுக ஏற்றியிருந்தால் இந்த அதிர்ச்சி வந்திருக்காது.

வரி விகிதத்தைப் பற்றியே சண்டை போடுகிறோம், வரித்தளத்தை மறந்துவிடுகிறோம். எத்தனை கட்டடங்கள், என்ன மதிப்பில், எந்தப் பயன்பாட்டில் பதிவேட்டில் ஏறியிருக்கின்றன என்பதே தளம். மாடி மேல் மாடி எழும்பி, தரைத்தளம் கடையாகி, இன்னும் பழைய குடியிருப்புக் கணக்கிலேயே வரி கட்டும் கட்டடங்கள் எந்த ஊரில் இல்லை? மத்திய அரசின் சொத்துகளுக்கு அரசியல் சாசனத்தின் 285-ஆவது பிரிவே விலக்கு அளிக்கிறது. உள்ளாட்சிகளின் இன்னொரு வருமானமான தொழில் வரிக்கு 1988-இல் வைத்த ஆண்டு உச்சவரம்பு 2,500 ரூபாய். கோடியில் சம்பாதிப்பவரும் அதற்கு மேல் கட்ட வேண்டியதில்லை. இப்படித் தளம் சுருங்கச் சுருங்க, ஒழுங்காகக் கட்டுகிற சிறிய வீட்டுக்காரர் தலையில்தான் சுமை ஏறுகிறது.

வரியில் குறைவதை அரசு தராதா என்பார்கள். 2016-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனது. அதைக் காட்டி மத்திய அரசு மானியத்தை நிறுத்திவைத்தது. தேர்தல் நடத்தாதது ஊர் மக்கள் செய்த குற்றமா? சொந்த வருமானம் இல்லாத ஊராட்சி, பிறர் தவறுக்குத் தன் தெருவிளக்கையும் சாக்கடையையும் பலி கொடுக்கிறது.

ஓட்டுக் கேட்டு வரும் வேட்பாளரிடம் வரியை ஏற்றக் கூடாது என்று வாக்குறுதி வாங்குவதை இனி விட்டுவிடுவோம். நம் வார்டில் கடையாக மாறியும் வீடு என்றே பதிவாகியிருக்கும் கட்டடங்கள் எத்தனை, அவற்றை எப்போது மறு அளவீடு செய்வார்கள் என்று கேட்போம்.