காருக்கு கதவை சாத்துங்க... பஸ்சுக்கு வழி விடுங்க!
பாண்டிபஜாரில் யாருக்காக தெரு?

சென்னை:-

பாண்டிபஜாரில் வண்டி வாகனமே இல்லாமல், நடப்பவர்களுக்கு மட்டும் தெருவை விட்டால் எப்படி இருக்கும்? நல்லாத்தான் இருக்கும். ஆனால் காரோடு சேர்த்து பஸ்சையும் நிறுத்திவிட்டால்? அங்கேதான் சிக்கலே!

தி.நகர் பாண்டிபஜார் நடைபாதை வளாகம் 2019 நவம்பரில் திறக்கப்பட்டது. அகலமான நடைபாதை, உட்கார பெஞ்சு எல்லாம் வந்தது. ஆனாலும் நடுரோட்டில் கார், ஆட்டோ, டூவீலர் ஓட்டம் நிற்கவில்லை.

டெல்லியை பாருங்க

டெல்லி சாந்தினி சவுக்கில் 2021-ல் ஒரு வழி கண்டார்கள். செங்கோட்டை பக்கம் தொடங்கி 1.3 கிலோ மீட்டர் தூரத்துக்கு காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை மோட்டார் வண்டிக்கு தடை. சைக்கிள் ரிக்ஷா ஓடும். பக்கத்திலேயே மெட்ரோ ரெயில் இருக்கிறது.

நம்ம ஊரிலும் 2-ம் கட்ட மெட்ரோவில் பனகல் பார்க் நிலையம் இருக்கிறது. ஆனால் மெட்ரோவுக்கு டிக்கெட் எடுக்கணும். ஒயிட் போர்டு பஸ்சில் 2021 மே மாதம் முதல் பெண்களுக்கு காசே கிடையாது.

யாருக்கு அடி?

தி.நகர் கடைகளில் வேலை பார்க்கும் பெண்கள் ஏராளம். பஸ் ஸ்டாப் தள்ளிப்போனால், மிச்சமான காசு ஷேர் ஆட்டோவுக்கு போய்விடும். இல்லாவிட்டால் ராத்திரி கடை மூடியபிறகு நடக்கணும்.

நின்றபடியே வேலை பார்ப்பவர்களுக்கு கடையில் இருக்கை தரவேண்டும் என்று 2021-ல் தமிழக அரசு சட்டத்திருத்தமே கொண்டு வந்தது. உள்ளே உட்கார சேர் போட்டுவிட்டு, வெளியே பஸ் ஸ்டாப்பை தூக்கினால் என்ன பிரயோஜனம்?

கார்காரர்களுக்கு வழி இருக்கிறது. தணிகாசலம் சாலையில் அடுக்குமாடி பார்க்கிங் கட்டியாச்சு. அங்கே விட்டுவிட்டு நாலு எட்டு நடக்கலாம். ஒரு காரில் ஒருவரோ இருவரோ வருகிறார்கள். ஒரு பஸ்சில் 50 பேர் வந்து இறங்குகிறார்கள்.

ஆபத்து இல்லையா?

கூட்டத்துக்குள் பஸ் வந்தால் பயம்தான். அது நியாயமான கேள்வி. அதற்காக பஸ்சையே விரட்ட வேண்டியதில்லை. பஸ்சுக்கு மட்டும் தனிப்பாதை, ஆள் நடக்கும் வேகத்துக்கு கொஞ்சம் கூட வேகம், குறிப்பிட்ட இடத்தில் மட்டும் ஸ்டாப் என்று வைக்கலாம். தீபாவளி நெரிசலில் சில நாள் தெரு முனையோடு பஸ்சை நிறுத்தலாம். எங்கே ஏறணும் என்று முன்கூட்டியே போர்டு வைத்தால் போதும்.

மாம்பலம் ஸ்டேஷனில் இருந்து தி.நகர் பஸ் நிலையம் வரை 570 மீட்டர் ஆகாய நடைபாதையை 2023 மே மாதம் திறந்தார்கள். நடப்பவரை பஸ்சோடு சேர்த்து வைத்த வேலை அது. அதே கணக்கு பாண்டிபஜாருக்கும் வேண்டும்.

பஸ்சில் வருகிறவர்தான் இறங்கியதும் நடக்கிறவர். இரண்டு பேரும் ஒரே ஆள். இதை புரிந்துகொண்டு திட்டம் போடுவார்களா அதிகாரிகள்?