கண் நிறைந்தால் போதுமா?

சினிமாவில் பெரிய யுத்தம் நடக்கிறது. யானைகள் பிளிறுகின்றன, அம்புகள் வானத்தை மறைக்கின்றன, பதினாயிரம் பேர் ஒரே சமயத்தில் ஓடி வருகிறார்கள். நீங்களோ மெதுவாக முறுக்குப் பொட்டலத்தைப் பிரிக்கிறீர்கள்! வெட்கப்படாதீர்கள், சகோதரிகளே. குற்றம் உங்களுடையதல்ல, படம் எடுத்தவருடையது.

மாயப் போரை எப்படிச் சொன்னால் மனத்தில் தைக்கும் என்பதை ஜெயங்கொண்டார் சுமார் 900 ஆண்டுகளுக்கு முன்பே காட்டிவிட்டார். அவர் யார் என்கிறீர்களா? உடையார்பாளையம் வட்டத்திலுள்ள கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட முதல் குலோத்துங்க சோழனின் அவைப் புலவர். அந்த மன்னனின் தளபதி கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்றதைத்தான் ‘கலிங்கத்துப்பரணி’ என்று பாடினார்.

எடுத்த எடுப்பிலேயே அவர் வாளைச் சுழற்றவில்லை. காளி கோயிலுக்கு நம்மை அழைத்துப் போய், பசியால் வற்றி உலர்ந்த பேய்களைக் காட்டுகிறார். இமயத்திலிருந்து வந்த பேய் ஒன்று இந்திரஜாலம் செய்கிறது. வெட்டுண்ட யானைகளும் ரத்த வெள்ளமும் தோன்ற, மற்றப் பேய்கள் பாய்ந்து அள்ளுகின்றன. கையில் ஒன்றும் இல்லை! வயிறு காலியாகவே இருக்கிறது. கலிங்கப் போர் வருவது அதற்கெல்லாம் பிறகுதான். அதற்குள், ‘ஐயோ பாவம், இவற்றுக்குக் கொஞ்சம் கூழாவது கிடைக்கக் கூடாதா?’ என்று நமக்கே தவிப்பு வந்துவிடுகிறது. பேய்களுக்காக நம்மைக் கவலைப்பட வைத்தாரே, அதுதான் புலவரின் சாமர்த்தியம்!

நூறு பேரைக் கம்ப்யூட்டர் கொண்டு லட்சம் பேராக்கும் இன்றைய படங்கள் பலவற்றில் நமக்குக் கிடைப்பது வெறும் இந்திரஜாலம்தான். கண் நிறைகிறது, மனம் நிறைவதில்லை.

ஆனால் 2015-ல் வெளிவந்த ராஜமௌலியின் ‘பாகுபலி’யை நினைத்துப் பாருங்கள். காலகேயருடன் போர் மூளுமுன்பே திரிசூல வியூகம் இன்னதென்று விளக்கிவிடுகிறார்கள். ஆகவே களத்தில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று நாம் திண்டாடுவதில்லை. எதிரி மன்னனைக் கொல்பவனுக்கே சிம்மாசனம் என்று சிவகாமி தேவி அறிவித்தும் விடுகிறாள். பிறகு, சிறைப்பட்ட மகிழ்மதி மக்களையே கேடயம் போல் முன்னால் நிறுத்துகிறார்கள் பகைவர்கள். பல்வாள்தேவன் அவர்கள்மீதே தேரை ஓட்டுகிறான். பாகுபலியோ அவர்களைக் காப்பாற்றிவிட்டுத்தான் மேலே போகிறான். எதிரியைக் கொன்றவன் பல்வாள்தேவனே என்றாலும், அரியணை பாகுபலிக்குக் கிடைக்கிறது. ஏன் என்று சிவகாமி சொல்லாமலே நமக்குத் தெரியும். போர்க்களம் இரண்டு பேருடைய மனத்தையும் திறந்து காட்டிவிட்டதே!

கம்ப்யூட்டர் இல்லாத 1948-ல் வாசன் எடுத்த ‘சந்திரலேகா’வும் இதே ரகம்தான். சசாங்கனை மணக்கச் சம்மதிப்பதாகப் பாசாங்கு செய்து, முரசு நடனம் வேண்டுமென்று கேட்கிறாள் சந்திரலேகா. நடனம் முடிந்ததும் முரசுகளுக்குள்ளிருந்து வீரர்கள் குதிக்கிறார்கள். அந்தப் பிரம்மாண்டமான முரசுகளை இன்றும் பேசுகிறோம். ஆனால் சண்டையில் நம்மை மூச்சுப் பிடிக்க வைப்பது, ஒரு பெண் தன் மானத்தையும் வாழ்வையும் பணயம் வைத்திருக்கிறாள் என்ற நினைவு அல்லவா?

அடுத்த முறை யுத்தப் படத்துக்குப் போனால், பக்கத்தில் இருக்கும் குழந்தையிடம், “யார் ஜெயிக்கணும்? ஏன்?” என்று கேளுங்கள். பதில் சட்டென்று வந்தால் படம் தேறியது. “யானை நிறைய இருக்கும்மா!” என்று வந்தால், தாராளமாக முறுக்கைப் பிரிக்கலாம்.