அடைத்த பல் ஏன் பெயர்கிறது?

"என் மகனுக்குச் சொத்தைப் பல்லைப் பல் நிறத்திலேயே அடைத்தார்கள். மூணு மாசம்கூட ஆகலை, சாப்பிடும்போது பெயர்ந்து வந்துவிட்டது. மருந்து மட்டமோ?" என்று கேட்டிருக்கிறார் திருப்பூர் சகோதரி ஒருவர்.

மருந்தைக் குறை சொல்லும் முன், அது பல்லில் எப்படி ஒட்டுகிறது என்று பார்ப்போமா? சாயப்பட்டறை ஊர்க்காரர்களுக்கு இது சுலபமாகவே புரியும். மிஷினிலிருந்து வந்த பனியன் துணியை அப்படியே சாயத்தில் முக்கினால் திட்டுத் திட்டாகத்தான் பிடிக்கும். பஞ்சில் இயற்கையாக உள்ள மெழுகு போக, முதலில் காஸ்டிக் சோடா போட்டு வேகவைத்து அலசுகிறார்கள் இல்லையா? பல்லுக்கும் அப்படி ஒரு முன்தயாரிப்பு உண்டு.

அமெரிக்காவில் ராச்செஸ்டர் நகரைச் சேர்ந்த மைக்கேல் புவோனோகோர் 1955-ல் இதற்கு வழி காட்டினார். உலோகத்தில் பெயிண்ட் நன்றாகப் பிடிக்கத் தொழிற்சாலைகளில் பாஸ்பாரிக் அமிலம் பூசுவார்கள். அதையே பல்லின் மேல் ஓடான எனாமலில் 30 விநாடி பூசிப் பார்த்தார். எனாமல் எடையில் சுமார் 96 சதவிகிதம் தாது உப்புதான். அமிலம் அதை லேசாக அரித்து, கண்ணுக்குத் தெரியாத பொடிப் பொடிக் குழிகளை உண்டாக்கும். பசை அவற்றில் இறங்கி இறுகினால், வேர் விட்ட மாதிரி பிடித்துக்கொள்ளும்.

எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டின்தான் பொல்லாதது. அதில் தாது உப்போடு கொலாஜன் என்ற நாரும், தண்ணீரும் உண்டு. அமிலம் உப்பை எடுத்தபின் நார் வலை மட்டும் ஈரத்தில் விரிந்து நிற்கும். காற்றடித்து ஒரேயடியாய் உலர்த்தினால் வலை சுருண்டு படுத்துவிடும். பசை உள்ளே போகாது. ஈரம் ஜாஸ்தியானாலோ பசை நீர்த்துப்போகும். நார் வலைக்குள் பசை ஊடுருவி ஒரே அடுக்காக இறுகுவதை 1982-ல் ஜப்பானிய விஞ்ஞானி நகாபயாஷி எடுத்துக் காட்டினார்.

இன்னொரு சங்கதி கேளுங்கள். 1926-ல் ரேயான் நூல் தயாரிக்கத் தொடங்கப்பட்ட ஜப்பானிய கம்பெனி குராரே. நூல் கம்பெனிதானே என்று நினைக்காதீர்கள். 1981-ல் அங்கேதான் எம்.டி.பி. என்ற பொருளை உருவாக்கினார்கள். அதன் ஒரு முனை பல்லிலுள்ள கால்சியத்தோடு ரசாயனப் பிணைப்பு கொள்ளும். மறுமுனை அடைக்கும் பிசினோடு சேர்ந்துவிடும். ரியாக்டிவ் சாயம் பஞ்சு நூலோடு பிணைவது போலத்தான். இன்றைய பல் பசைகள் பலவற்றில் இது சேர்கிறது.

எவ்வளவு நல்ல பசையானாலும், எச்சில் பட்டால் போச்சு! அரித்து வைத்த குழிகளை எச்சிலிலுள்ள புரதம் மூடிவிடும். டாக்டர் வாயில் பஞ்சு வைப்பதும், ரப்பர் திரை போடுவதும், குழந்தையை "ஆடாதே" என்பதும் இதற்காகத்தான். அந்தப் பத்து நிமிஷம் குழந்தை வாயை மூடாமல் இருக்க வேண்டும். பசியும் தூக்கமுமாக இருக்கிற நேரத்தில் அழைத்துப் போகாதீர்கள். முதல் நாளே வீட்டில் வாயைத் திறந்து வைத்துப் பழக்குங்கள்.

அப்புறம் கிராம்பு எண்ணெய். வலிக்கு வைப்பது நம் வழக்கம். ஆனால் அதன் முக்கியச் சரக்கான யூஜினால், பிசின் இறுகுவதைத் தடுக்கும் குணமுள்ளது. வைத்திருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். பல்லை வெளுக்க வைத்திருந்தாலும் சொல்லிவிடுங்கள். வெளுத்த கையோடு அடைத்தால் பிடிப்பு குறையும். தருமபுரிப் பக்கம் போல ஃபுளோரைடு மிகுந்த தண்ணீர் குடித்து வளர்ந்து, பல்லில் கறை உள்ளவர்களுக்கு எனாமல் அமிலத்துக்குச் சீக்கிரம் இளகாது. கூடுதல் நேரம் தேவைப்படலாம்.

அடைப்போ, மேலே போட்ட தொப்பியோ கழன்றால், கடையில் விற்கும் சட்டென்று ஒட்டும் பசையைத் தொடவே வேண்டாம். அது வாய்க்குள் வைக்கிற சாமான் அல்ல. தொப்பியை ஒரு சிறு டப்பாவில் போட்டு எடுத்துப் போங்கள். "வலியில்லையே" என்று தள்ளிப் போடவும் வேண்டாம். திறந்து கிடக்கும் குழியில் சொத்தை மேலும் இறங்கி நரம்பைத் தொட்டுவிடும். ஒவ்வொரு தடவை திரும்ப அடைக்கும்போதும் நல்ல பல்லில் கொஞ்சம் போகும். போன எனாமல் திரும்ப வளராது, சகோதரிகளே.