இன்ஜினுக்கும் ஒரு ஸ்கேன்

உங்க பிள்ளையை முதல்முதலா ஸ்கேன் திரையில் பார்த்தது ஞாபகம் இருக்கா? அதே அல்ட்ராசவுண்டைத்தான் விமான இன்ஜின் பாகங்களுக்குள் வெடிப்பு இருக்கான்னு பார்க்கவும் பயன்படுத்துறாங்க. காதுக்குக் கேட்காத ஒலியை உள்ளே அனுப்பணும், திரும்பி வரும் எதிரொலியைப் பிடிக்கணும். அவ்வளவுதான். டைட்டானியத்துக்குள் ஒலி விநாடிக்குச் சுமார் 6,000 மீட்டர் ஓடும். காற்றில் 340 மீட்டர்தான்.

ஆனா டைட்டானியத்தில் ஒரு சிக்கல் உண்டு. அதன் அணுக்கள் அறுகோண வடிவில் அடுக்கப்பட்டிருக்கு. ஆறு பட்டை பென்சில்களை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, பிள்ளைகிட்ட கொடுத்துப் பாருங்க. மேலிருந்து அமுக்கினா அசையாது. பக்கத்திலிருந்து அமுக்கினா கொஞ்சம் நெகிழும். காரணம் வேறன்னாலும், அறுகோணப் படிகமும் திசைக்குத் திசை மாறும். டைட்டானியத்தின் விறைப்பு நெடுக்கே சுமார் 145 கிகாபாஸ்கல், குறுக்கே சுமார் 100. ஒலியின் வேகமும் அதுக்கேத்த மாதிரி மாறும்.

ஒரு பாகத்துக்குள் கோடிக்கணக்கான குட்டிப் படிகங்கள் ஆளுக்கொரு பக்கம் பார்த்து நிற்கும். அதனால் மொத்தத்தில் வித்தியாசம் தெரியாது. நிறைய படிகங்கள் கூட்டமா ஒரே பக்கம் திரும்பிட்டா?

2017 செப்டம்பர் 30. பாரிஸிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் போன ஏர் பிரான்ஸ் ஏ380, 500 பேருக்கு மேல் இருந்தாங்க. கிரீன்லாந்துக்கு மேலே ஒரு இன்ஜினின் முன்விசிறி, அதைத் தாங்கும் டைட்டானிய ஹப் உடைந்து, பிய்ந்து போச்சு. விமானம் கனடாவின் கூஸ் பேயில் பத்திரமா இறங்கியது, யாருக்கும் காயம் இல்லை. விழுந்த ஹப் துண்டை 2019-ல் பனிக்கு அடியிலிருந்து தோண்டி எடுத்தாங்க. அதுக்குள்ளே, ஒரே பக்கம் திரும்பிய படிகக் கூட்டம் ஒன்றில்தான் வெடிப்பு ஆரம்பிச்சிருக்கு. அங்கே ஓட்டையும் இல்லை, அழுக்கும் இல்லை, சுத்தமான உலோகம்தான். அதனால்தான் வழக்கமான எதிரொலிச் சோதனையில் அப்படி ஒரு கூட்டத்தைப் பிரிச்சுக் காண்பது கஷ்டம்.

ஆராய்ச்சியாளர்கள் இந்த விறைப்பு எண்களைத் துல்லியமா அளக்கக் காரணம் இதுதான். அறுகோணப் படிகத்துக்கு மொத்தம் 5 எண் வேணும். போயிங் 787-ல் வரும் ஜென்எக்ஸ் இன்ஜினின் சில டர்பைன் இறகுகள் டைட்டானியமும் அலுமினியமும் சேர்ந்த சேர்மத்தால் ஆனவை. அதிலும் 3 டைட்டானியத்துக்கு 1 அலுமினியம் என்ற அறுகோணப் பகுதி உண்டு. அங்கேயும் திசையைப் பார்த்தாகணும்.

ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து "இன்ஜின் உடையாதா?"ன்னு பிள்ளை கேட்டா, "உடையவே உடையாது"ன்னு சொல்லாதீங்க. "ரொம்ப அபூர்வமா உடையும். உடைஞ்சா, ஏன்னு தெரிய பனியைக்கூடத் தோண்டுவாங்க"ன்னு சொல்லுங்க. அதுதான் உண்மை. பயத்தைவிட அது பிள்ளை மனசில் நல்லா நிக்கும்.